சூரியனை நிறுத்திவைத்த மேடு

அயர்லாந்தில் பாய்ன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் நியூகிரேஞ்ச், நவுத், டவுத் என்று மூன்று பெரிய கல்லறை மேடுகள் நிற்கின்றன. சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. எகிப்தின் பெரிய பிரமிடுகளுக்கும் மூத்தவை. டவுத் மேடு எப்படி உண்டானது என்று இடைக்கால ஐரிஷ் புலவர்கள் ஒரு கதை எழுதிவைத்தார்கள்.

பிரெசல் என்ற மன்னனின் ஆட்சியில் மாடுகளுக்கு நோய் கண்டது. மிஞ்சியவை ஒரு காளையும் ஏழு பசுக்களும்தான். அந்த மன்னன் நாட்டு ஆண்களையெல்லாம் கூட்டி, வானத்தை எட்டும் கோபுரம் ஒன்றைக் கட்டச் சொன்னான். ஒரே ஒரு பகல் உழைப்பதாக ஒப்புக்கொண்டு வந்தார்கள். அந்தப் பகல் முடியாமலிருக்க, மன்னனின் சகோதரி மந்திரத்தால் சூரியனை நிறுத்தினாள். ஆனால் மன்னன் அவளையே கூடினான். மந்திரம் அறுந்தது, இருட்டிவிட்டது. வந்தவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். பாதியில் நின்ற அதுவே டவுத் மேடு.

இக்கதை எழுத்தில் ஏறியது ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டில். மேடு எழுந்து 4,000 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வளவு காலத்துக்குப் பிறகு எழுதிய கதைக்கு வரலாற்று மதிப்பு ஏது என்று ஒதுக்குவதே நியாயமாகத் தெரியும். அந்த நியாயத்தை ஓர் எலும்புத் துண்டு அசைத்துப் பார்த்தது.

நியூகிரேஞ்சின் உள்ளறையில் கிடைத்த துண்டு அது. உட்காதைச் சூழ்ந்திருக்கும் மண்டையோட்டுப் பகுதி. உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று என்பதால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் மரபணு அதில் தங்கும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடியும் டேனியல் பிராட்லியும் அடங்கிய குழு அதைப் படித்து, 2020இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. நாம் ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என மரபணுத் தொகுதியை இரண்டு படிகளாகப் பெறுகிறோம். தாயும் தந்தையும் உறவில்லாதவர்கள் என்றால் இரு படிகளுக்கும் இடையே வேறுபாடுகள் வழிநெடுக இருக்கும். இந்த மனிதனுக்கோ நீள நீளமான பகுதிகள் அப்படியே ஒன்றாயிருந்தன. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் கால் பங்கு. அவனைப் பெற்றவர்கள் உடன்பிறந்தவர்களாக இருக்க வேண்டும், அல்லது பெற்றோரும் பிள்ளையுமாக.

இன்கா மன்னர்களிடமும் எகிப்தின் பாரோக்களிடமும் இருந்த உடன்பிறந்தோர் மண வழக்கம் இங்கும் இருந்திருக்கலாம், இவன் அரச குலத்தவன் என்று அக்குழு கருதியது. டவுத் கதையையும் சுட்டிக்காட்டியது. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனாலும் தயங்க வேண்டிய காரணங்கள் கனமானவை. மேடுகளைக் கட்டியவர்களின் சந்ததி பெரும்பாலும் தொடரவில்லை என்று சொல்லுமளவுக்கு, வெண்கலக் காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்களால் அத்தீவின் மரபணு வளமே மாறிப்போனது. அப்படியானால் கதையை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? 2025இல் வேறு தொல்லியலாளர்கள் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார்கள்: ஒரே ஒரு மண்டையோட்டுத் துண்டை வைத்து ஓர் அரச வம்சத்தைக் கட்டிவிடலாமா? டவுத்தின் ஓர் அறைக்குள் குளிர்கால மிகக் குறுகிய பகலில் மாலை வெயில் நுழைகிறது. அதை ஆண்டுதோறும் பார்த்தவர்களே சூரியனைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

மரபணு ஆய்வு தொட்ட இன்னொரு பழைய ஐரிஷ் கதை, நையல் என்ற மன்னனுடையது. அதற்கு நேர்ந்தது வேறு. கிணற்றைக் காத்த கிழவியை அவன் மட்டும் மனமுவந்து அணைக்க, அவள் அழகியாகி, தானே அயர்லாந்தின் அரசுரிமை என்று அறிவிக்கிறாள். டாரா என்ற அரசிருக்கையின் உரிமையை நூற்றாண்டுகளாகக் கைவசம் வைத்திருந்த அவன் வழியினருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. 2006இல் அதே டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு, வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒரே மரபணுக் குறியைச் சுமப்பதைக் கண்டது. உலகமே நையலின் பங்காளிகளை எண்ணத் தொடங்கியது. பிந்தைய கணக்குகளோ அந்தக் குறி நையலுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று காட்டுகின்றன. அவன் அதைச் சுமந்த பலரில் ஒருவனாக இருந்திருக்கலாம். அதற்கு மூலவன் அல்லன்.

நையல் கதையைப் பேண ஒரு குலமே இருந்தது. பிரெசல் கதையால் யாருக்கும் பெருமையில்லை, பட்டமில்லை, நிலமில்லை. ஆகவேதான், தற்செயல் ஒற்றுமை என்று ஒருநாள் நிரூபணமாகலாம் என்றாலும், இரண்டில் பிரெசல் கதையையே நான் கூடுதல் கவனத்தோடு படிப்பேன்.