நுரை பிடித்துவைக்கும் தண்ணீர்

தாடி முடியைவிட பிளேடின் எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சில நாள் சவரத்திலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. மென்மையான பொருள் கடினமான பொருளை எப்படித் தேய்க்கும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியர் செம் தசானின் குழுவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜான்லூக்கா ரோசியோலி, தான் சவரம் செய்துகொண்ட பிளேடுகளையே எடுத்துப்போய் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். முனை தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அவர் கண்ணில் பட்டதோ முனையோரம் பெயர்ந்து விழுந்த சில்லுகளின் தடங்கள். முடி வளைந்து பிளேடைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்தத் தள்ளல் விழுந்தால் முனை உடைந்து தெறிக்கிறது. 2020ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த முடிவு இது.

எஃகையே சில்லாக்கும் முடியை நாம் தினமும் வழித்தெடுக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் தண்ணீர். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்து அவற்றைத் தளர்த்துகின்றன. நன்றாக ஊறிய முடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஊறிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை, காய்ந்த முடிக்குத் தேவைப்படுவதைவிட வெகு குறைவு. முடி அப்படி ஊற இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

சிக்கல் இங்கேதான். முகத்தில் அடித்த தண்ணீர் நிற்காது, வழிந்து போகும். போகாமல் ஒட்டியிருப்பதும் மின்விசிறிக் காற்றில் காய்ந்துவிடும். தண்ணீரைச் செங்குத்தான கன்னத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவைக்க ஒரு கருவி வேண்டும். நுரை அந்தக் கருவி. சவர சோப்பை வாங்கும்போது நாம் உண்மையில் வாங்குவது இதைத்தான்; மணமும் டப்பாவின் அழகும் அதற்குப் பிறகு.

நுரை பிறந்த நொடியிலிருந்தே அழியத் தொடங்குகிறது. குமிழ்களின் சுவர்கள் கூடும் இடங்களில் மெல்லிய கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் கீழே வடிந்துகொண்டே இருக்கும். பார்வையை இழந்த பிறகும் மற்றவர்களின் கண்களைக் கொண்டு சோப்புப் படலங்களை ஆராய்ந்து 1873இல் நூல் வெளியிட்ட பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோவின் பெயரால் அந்தக் கால்வாய்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன. இன்னொரு அழிவும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாதது. குமிழ் சிறியதாக ஆக ஆக, உள்ளே அழுத்தம் அதிகம். ஆகவே சின்னக் குமிழின் காற்று சுவரை ஊடுருவிப் பக்கத்துப் பெரிய குமிழுக்குள் போய்ச் சேர்கிறது. சின்னது மறைய, பெரியது வீங்க, நுரை மெல்ல மெல்லச் சொரசொரப்பாகிறது.

இந்த நாடகத்தை அளந்து பார்க்க நினைத்த டக்ளஸ் டூரியன், டேவிட் வைட்ஸ், டேவிட் பைன் மூவரும் 1991இல் தேர்ந்தெடுத்த ஆய்வுப் பொருள், கடையில் கிடைக்கும் ஜில்லெட் ஷேவிங் நுரை. எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே மாதிரி வரும், மணிக்கணக்கில் நிற்கும் என்பதால் இயற்பியல் ஆய்வகங்களில் அது ஒரு மாதிரி நுரையாகவே ஆகிப்போனது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாயு, மீதிதான் திரவம். நிறமே இல்லாத அந்தத் திரவம் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே போன ஒளி ஆயிரக்கணக்கான குமிழ்ச் சுவர்களில் மோதிச் சிதறி வெளியே வருவதுதான். அந்தச் சிதறலை வைத்தே உள்ளே குமிழ்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதை அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஷேவிங் நுரைக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது? குளியல் சோப்பும் நுரைக்கிறது, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நுரைக்கிறது. ஆனால் முகத்தில் தடவினால் ஒரு நிமிடத்தில் காணாமல் போகிறது. விடை, கொழுப்பு அமிலச் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது.

எண்ணெயோ கொழுப்போ எதுவானாலும் காரத்தோடு சேரும்போது கொழுப்பு அமிலங்களின் உப்பாக மாறுகிறது, அதுதான் சோப்பு. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அது தண்ணீரில் சட்டென்று கரையும், பிரஷ் பட்டதும் பொங்கும், பெரிய குமிழ்களாகப் பூக்கும், அதே வேகத்தில் உடையும். கடல் நீரில்கூட நுரைப்பதால் தேங்காய் எண்ணெய் சோப்பைக் கப்பல்காரர்கள் தேடி வாங்கியிருக்கிறார்கள். தோலை அதிகம் உறுத்துவதும் இந்த 12 கார்பன் சோப்புதான். இன்னொரு பக்கம் ஸ்டியரிக் அமிலம், 18 கார்பன். லாரிக் அமிலம் 44 பாகை செல்சியஸில் உருகும். ஸ்டியரிக் உருக 69 பாகை வேண்டும். நேராக நிற்கும் நீண்ட சங்கிலிகள் குமிழ்ச் சுவரில் தோளோடு தோள் நெருக்கி நின்று சுவரை விறைப்பாக்குகின்றன. விறைத்த சுவரை ஒட்டி ஓட வேண்டிய தண்ணீர் தயங்கித் தயங்கி வடிகிறது. ஒரு குமிழின் காற்று அடுத்ததற்குக் கசிவதும் தாமதமாகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்துக்கும் கிட்டத்தட்ட இதே குணம். கடைச்சரக்காக வரும் ‘ஸ்டியரிக் அமிலம்’ பெரும்பாலும் இந்த இரண்டின் கலவைதான்.

நீளம் மட்டும் இருந்தால் போதாது. ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைந்திருக்கும் ஒலியிக் அமிலத்துக்கும் 18 கார்பன்தான். ஆனால் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு; அந்த இடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்கிவிடுகிறது. மடங்கியவை நெருங்கி நிற்க முடியாது. ஆலிவ் சோப்பு தோலுக்கு இதமானதுதான், ஆனால் அதன் நுரை கொழகொழவென்று சோர்ந்து கிடக்கும். ‘சுத்தமான ஆலிவ் எண்ணெயில் செய்தது’ என்று சவர சோப்பை யாராவது பெருமையாக நீட்டினால் நான் வாங்க மாட்டேன்.

கொழுப்பைப் பிரித்து ஸ்டியரிக் அமிலத்தை உலகுக்கு அறிமுகம் செய்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல். விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823இல் வந்தது. இரண்டே ஆண்டில், சக வேதியியலாளர் கே-லுசாக்குடன் சேர்ந்து அந்த அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். சித்திரை வெயிலில் குழையாமல் நிற்கும் மெழுகுவர்த்திக்கும் கன்னத்தில் வழியாமல் நிற்கும் நுரைக்கும் ஒரே பொருள்தான் முதுகெலும்பு.

ஸ்டியரிக் அமிலத்தைச் சாதாரண காஸ்டிக் சோடாவோடு, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் கல் மாதிரி சோப்பு கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் லேசில் கரையாது. சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் வந்தால் அதே சோப்பு இளகி, எளிதில் கரைகிறது. சவர சோப்பின் நுட்பமே இந்த இரண்டு காரங்களின் விகிதத்தில் இருக்கிறது. வட்டாக இறுக நிற்கச் சோடியம், பிரஷுக்கு இணங்கப் பொட்டாசியம். நல்ல சோப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியத்தின் கைதான் ஓங்கியிருக்கும். டியூபில் வரும் கிரீமில் ஏறத்தாழ முழுவதும் அதுவே.

இப்போது டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கலாம். ஒரு சங்கதி முதலிலேயே குழப்பும். சில உற்பத்தியாளர்கள் வினைக்கு முன் பாத்திரத்தில் போட்டதை எழுதுவார்கள்: ஸ்டியரிக் அமிலம், தேங்காய் எண்ணெய், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சோடியம் ஹைட்ராக்சைடு. வேறு சிலர் வினைக்குப் பின் கிடைத்ததை எழுதுவார்கள்: பொட்டாசியம் ஸ்டியரேட், சோடியம் ஸ்டியரேட், பொட்டாசியம் கோகோயேட். இரண்டும் ஒன்றே. காரத்தின் பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. சரியாகச் செய்த சோப்பில் அது வினையில் தீர்ந்துபோயிருக்கும்.

பட்டியலில் பொருள்கள் எடை வரிசைப்படி இறங்கிவரும். முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியமும் தென்பட்டால் அது உண்மையான சவர சோப்பு. ‘சோடியம் பால்மேட், சோடியம் பாம் கெர்னலேட்’ என்று தொடங்கி, பொட்டாசியமே இல்லாமல் முடிந்தால் அது குளியல் சோப்பு வட்டமாக வேடம் போட்டு வந்திருக்கிறது. ‘டாலோவேட்’ என்று முடியும் பெயர் விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு; அதில் ஸ்டியரிக், பால்மிடிக் இரண்டும் தாராளமாக இருப்பதால் வெளிநாட்டுச் சவர சோப்புகளில் அதற்குத் தனி மரியாதை. சைவக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெறும் ‘ஸ்டியரிக் அமிலம்’ என்ற பெயரை வைத்து அது பாமாயிலிலிருந்து வந்ததா விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

குளியல் சோப்பு வாங்கும்போது டி.எஃப்.எம். 76 சதவீதமா என்று பார்ப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. அந்த எண் மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்கிறது; எந்தக் கொழுப்பு என்று சொல்வதில்லை. ஆகவே சவரத்துக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

கிளிசரின் இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். ஈரத்தைப் பிடித்துவைப்பது அதன் இயல்பு. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சவரம் செய்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். எண்ணெயிலிருந்து நேராகக் காய்ச்சிய சோப்பில் கிளிசரின் தானாகவே விளையும். தனியாகப் பிரித்த ஸ்டியரிக் அமிலத்திலிருந்து செய்தால் விளையாது. யாராவது வெளியே இருந்து சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்களும் உண்டு.

மணப்பொருளுக்குப் பிறகு வரும் பெயர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. சோற்றுக்கற்றாழைச் சாறு, பட்டுப் புரதம், ஆர்கன் எண்ணெய் எல்லாம் அங்கேதான் வரிசையாக நிற்கும். மணப்பொருளே பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்கும் கீழே இருப்பவை டப்பாவின் முன்பக்கத்தில் படம் போடுவதற்காக வந்தவை. மென்தால் மட்டும் விதிவிலக்கு, துளியே வேலை செய்யும். அது தோலைக் குளிரவைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதத்தைத் தூண்டி, குளிர்கிறது என்று மூளைக்குப் பொய் சொல்லவைக்கிறது. இந்தப் புரதத்தை அடையாளம் கண்டவர்களில் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, தமிழ்நாட்டில் சோப்பைவிட முக்கியமான ஒன்று: உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகின்றன. ஒரு கால்சியம் அயனி இரண்டு ஸ்டியரேட்டைப் பிடித்துக்கொள்ளும். குடிநீருக்கு இந்தியத் தர அமைவனம் ஏற்கத்தக்கதாகச் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால், 200 என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.3 கிராம் சோப்பை விழுங்கும். 600 என்றால் 3.9 கிராம்.

ஆனால் நுரை ஆக்க நாம் ஒரு லிட்டரையா செலவழிக்கிறோம்? 20 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், படுமோசமான தண்ணீரும் 80 மில்லிகிராம் சோப்பைத்தான் தின்னும். பிரஷ் ஒரு கிராம் சோப்பை எடுத்திருந்தால் இழப்பு நூற்றில் எட்டு. இவ்வளவுதானா என்று தோன்றும். சேதம் அந்த அளவோடு நிற்பதில்லை என்பதுதான் விஷயம். கால்சியம் ஸ்டியரேட் தண்ணீரை வெறுக்கும் துகள். குமிழ்ச் சுவரில் அது ஒட்டும் இடத்தில் தண்ணீர் விலக, சுவர் கிழிகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தில் நுரையை அடக்குவதற்காகச் சலவைத் தூளில் சோப்பைச் சேர்ப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். எட்டு பங்கு பிசுக்கு மீதியுள்ள தொண்ணூற்றிரண்டையும் நிம்மதியாக இருக்க விடாது. சில சோப்புகளில் டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., எடிட்ரோனேட் போன்ற பெயர்கள் கடைசியில் இருக்கும். கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் வேலைக்காக வந்தவை. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு இவை உதவும். இவை இல்லாவிட்டால் ஒரு டம்ளர் கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ பிரஷை நனைத்து ஒருமுறை நுரையடித்துப் பாருங்கள். புது சோப்பு வாங்கும் எண்ணத்தை அந்த ஒரு டம்ளர் கைவிடச் செய்துவிடலாம்.

சோப்பைச் சோதிப்பதற்கு நுரையின் உயரத்தைப் பார்க்க வேண்டாம். பிரஷில் சோப்பைத் தாராளமாக ஏற்றிக்கொண்டு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பெரும்பாலானோர் பஞ்சு மாதிரி பொங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள்; அதில் காற்றுதான் அதிகம். இன்னும் சில சொட்டு சேர்த்தால் பொங்கல் அடங்கி, கெட்டித் தயிர் போல் பளபளப்பு ஏறும். நல்ல சோப்பு அதற்கு மேலும் தண்ணீர் வாங்கும். சுமாரான சோப்பு அந்த இடத்திலேயே நீர்த்து ஒழுகத் தொடங்கும். முகத்தில் தடவி ஐந்து நிமிடம் விட்டு, ஓரங்கள் காய்ந்து வெடிக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு கன்னத்தில் பிளேடை ஓட்டி நுரையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஈர விரலை இழுத்துப் பாருங்கள். வழுக்க வேண்டும். இரண்டாவது முறை பிளேடு அதே இடத்துக்கு வரும்போது அங்கே நுரை இருக்காது. தோலோடு ஒட்டிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் ஒன்றே காப்பு. விரல் இழுபட்டு நின்றால், டப்பாவின் விலை என்னவாக இருந்தாலும், மிச்சத்தைக் கை கழுவ வைத்துக்கொள்ளலாம்.