முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்தார்களா?

திருவேங்கடம் பக்கத்தில் பிழைப்பு விரல்நுனியில் இருக்கிறது. தீப்பெட்டி வேலையானாலும், சங்கரன்கோவில் சந்தைக்கு விடியுமுன் பூப்பறிப்பதானாலும், விரல் மடங்கிப்போனால் வீட்டில் உலை ஏறாது. தொழுநோய் பறித்தது அந்த விரல்களைத்தான்.

அன்று எல்லோரும் தேமலைப் பார்த்தார்கள். நரம்பைப் பார்த்தவர்கள் குறைவு. சதை அழுகி விரல் உதிர்கிறது என்று மருத்துவர்கள் பலரும் நம்பினார்கள். நோயாளிக்கு ஊருக்கு வெளியே குடிசை, தனித்தட்டு. போக்கிடமில்லாத நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருந்தது. அது ரத்தானது 2016-இல்தான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த நம்பிக்கையை உடைத்தார். விரல் தானாக அழுகவில்லை. கிருமி நரம்புக்குள் புகுகிறது, அதை எதிர்க்கும் உடல் நரம்பையே வீங்க வைக்கிறது. மரத்துப்போன கைக்கு அடுப்புச் சூடும் தெரியாது, வெட்டுக்காயமும் தெரியாது. புண்பட்டுப் புண்பட்டே விரல் தேய்கிறது. மடங்கிய விரல்களை, வேறு தசையின் நாணை மாற்றித் தைத்து அவர் நிமிர்த்தினார். 1955-இல் கரிகிரியில் இதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது.

1980-களில் கூட்டு மருந்து வந்தது. இன்று ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை, அதுவும் இலவசம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-இல் எட்டியது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் நரம்பின் கதை அங்கே முடியவில்லை. மாத்திரை சாப்பிடும்போதே, சிலருக்கு முடித்த பிறகும்கூட, நரம்பு திடீரென வீங்கி வலிக்கும். செத்த கிருமியின் மிச்சத்தோடு உடல் போடும் சண்டை அது. ‘மருந்து ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தவே கூடாது. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றலாம், அதையும் கவனிக்க வேண்டும். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிடித்தால் உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்புண்டு.

பிடிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. முழங்கைக்குச் சற்று மேலே உள்பக்க நரம்பை விரலால் தடவி, தடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையைப் பேனா நுனியால் தொடலாம். சுண்டுவிரலை விரித்துக் காட்டச் சொல்லலாம். நோய் அரிதாகிவிட்டதாலேயே இந்தக் கைப்பழக்கம் மருத்துவர்களிடம் மறைந்துவருகிறதோ என்பதுதான் என் கவலை.

தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்க 2019 வரை சட்டமே இடம் தந்தது. அந்தப் பயத்தில் தேமலை முந்தானைக்குள் மறைத்தவர்கள் இழந்தது, நரம்பைக் காப்பாற்றக்கூடிய அந்த ஆறு மாதத்தை. இனி மறைக்க வேண்டாம். உணர்ச்சியில்லாத தேமல் கண்ணில் பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். முழங்கையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.