விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்?

அமெரிக்க ஜனாதிபதியை அந்நாட்டு மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் எமது வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றக்கூடும். 538 தேர்வாளர்களைக் கொண்ட தேர்தல் கல்லூரியில் 270 வாக்குகளைப் பெறுபவரே வெற்றியாளர். அத்தேர்வாளர்களை எவ்வாறு நியமிப்பது என்பதை அரசியலமைப்பு அந்தந்த மாநில சட்டசபையிடமே விட்டுவிட்டது. சிக்கலின் வேர் இதுவேயாகும்.

48 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும், சொற்ப வாக்குகளால் முந்தினாலும் வென்றவருக்கே தமது தேர்வாளர் அனைவரையும் வழங்குகின்றன. 2000ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான வாக்குகளால் முந்தியிருந்த அல் கோர், புளோரிடாவில் 537 வாக்குகளால் பின்தங்கி ஜனாதிபதிப் பதவியை இழந்தார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்திற்கும் அதிகமான வாக்குகளால் முந்தியிருந்தும் தோல்வியுற்றார்.

மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டுமே விதிவிலக்கு. அங்கு மாநிலம் முழுவதிலும் வெல்பவருக்கு இரண்டு வாக்குகள்; எஞ்சியவை காங்கிரஸ் தொகுதிவாரியாக வழங்கப்படுகின்றன. குடியரசுக் கட்சியின் கோட்டையான நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரை உள்ளடக்கிய தொகுதியின் ஒரு வாக்கை 2008இல் ஒபாமாவும் 2020இல் பைடனும் பெற்றனர். 2024 தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த வேளையில் இம்முறையை ஒழித்துவிட ட்ரம்ப் தரப்பு முயன்றது. அவரது கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர் ஒருவரே இணங்க மறுத்ததால் அம்முயற்சி கைகூடவில்லை. அந்த வாக்கும் கமலா ஹாரிஸுக்கே சென்றது. நெப்ராஸ்கா மாற்றினால் தாமும் மாற்ற முனைவோம் என மெய்ன் மாநில ஜனநாயகக் கட்சித் தரப்பு ஏற்கனவே எச்சரித்திருந்தது.

இது புதிய தந்திரமுமன்று. 1891இல் மிச்சிகனில் பெரும்பான்மை பெற்ற ஜனநாயகக் கட்சியினர் தொகுதிவாரி முறையைக் கொண்டுவந்தனர். மறுவருடம் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. பின்னர் ஆட்சிக்கு வந்த குடியரசுக் கட்சியினரோ அதனை நீக்கிவிட்டனர். போட்டியாளரே விதியையும் எழுதுமிடத்தில் வேறெதனை எதிர்பார்க்க முடியும் என்றே நாம் கேட்க வேண்டியுள்ளது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே மாநிலங்களுக்கிடையிலான மக்கள் வாக்கு உடன்படிக்கை. நாடளாவிய ரீதியில் அதிக வாக்குப் பெறுபவருக்கே தமது தேர்வாளர்களை வழங்குவதாக, 2007இல் மேரிலண்ட் தொடக்கம் பல மாநிலங்கள் சட்டமியற்றின. 2024இல் மெய்ன் இணைந்தபோது அவற்றின் மொத்தம் 209ஐ எட்டியது. 270ஐ எட்டினால் மாத்திரமே உடன்படிக்கை செயற்படும். இணைந்தவையோ பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் செல்வாக்கிற்குட்பட்ட மாநிலங்களே. 2024இல் ட்ரம்ப் நாடளாவிய ரீதியிலும் முந்தினார். அன்று உடன்படிக்கை நடைமுறையில் இருந்திருப்பின், அவரை நிராகரித்த கலிபோர்னியாவின் 54 வாக்குகளும் அவருக்கே சென்றிருக்கும். அதனை அம்மாநில மக்கள் பொறுத்திருப்பார்களா?