ரூபாயும் சொரூபமும்

'மு.ப. 8.30' என்பதைக் கண்ணாற் காண்பவன் 'முற்பகல் எட்டரை' என்று படிக்கின்றான். எழுத்தில் இல்லாததை அவன் நாவே கூட்டிக்கொள்கின்றது. கணினித் திரையிலுள்ளதை ஓதிக்காட்டும் திரைநவிலிக்கு அப்பழக்கம் இல்லை; கற்பித்தாலன்றி 'மு', 'ப' என்றே ஒலிக்கும்.

கற்பிக்கும் வழியை எனக்குக் காட்டியவர், முன்னர் என்பாற் பயின்று இன்று தாமும் தமிழாசிரியராயிருக்கும் பார்வையற்ற அன்பர் ஒருவர். அவர் கையாள்வது என்.வி.டி.ஏ. என்பது. பார்வையற்றவராகிய அவுஸ்திரேலியர் மைக்கல் கரன் 2006ஆம் ஆண்டிலே தொடங்கியது, விலையின்றிக் கிடைப்பது. அதன்கண் பேச்சு அகராதி என்றொரு பகுதி உண்டு. இன்ன சொல்லோ தொடரோ வந்தால் இன்னவாறு சொல்லுக என்று கேட்போரே அதிற் பதியலாம். திரையிலுள்ள எழுத்து மாறாது. செவிக்கு வருவதே மாறும்.

"ஐயா, இதைச் சற்றுக் கேளுங்கள்" என்று என் சித்தாந்தக் கட்டுரையொன்றை ஓதச் செய்தார். 'சொரூபம்' என்றவிடத்து அக்கருவி 'சொரூபாய்பம்' என்றது! கடைப் பட்டியல்களின் பொருட்டு, 'ரூ' எங்கு வரினும் 'ரூபாய்' என்று சொல்லுக என அவர் முன்பு பதிந்திருந்தாராம். 'ரூபாய்' என்று முழுமையாய் எழுதியதும் 'ரூபாய்பாய்' ஆயிற்று. தருக்க நூலார் அதிவியாப்தி என்னுங் குற்றத்தை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 'ரூ.' எனப் புள்ளியையுஞ் சேர்த்துப் பதிந்ததும் சொரூபம் மீண்டது.

தீவினையாகிய பாவமும் ஆடலிற் காட்டும் பாவமும் எழுத்தால் ஒன்று, ஓசையால் வேறு. தனிச்சொல்லைப் பதிந்தால் ஒன்று திருந்த மற்றது கெடும். 'முகபாவம்' போலத் தொடர்ந்து வருவதைப் பதிதலே தக்கது. க.பொ.த. என்பதையோ விரிக்க வேண்டா. நம்மில் எவர் அதனை விரித்துச் சொல்கின்றார்?

இவையெல்லாம் சிறியன. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னது வேறொன்று. 'சுவரில்' என்பதற்குச் 'சுவற்றில்' என்றெழுதும் வழக்கு அவர் செவிக்கு ஆற்றாது. ஆதலின் 'சுவற்றில்' வரின் 'சுவரில்' என்று சொல்லுக எனப் பதிந்துவிட்டார். சில திங்களின் பின், கணினியில் எழுதியனுப்பிய மாணவி ஒருத்தியின் கட்டுரைக்கு நிறைந்த புள்ளி வழங்கினார். அதனைக் கண்ணாற் படித்த சக ஆசிரியர், நான்கிடத்திற் 'சுவற்றில்' இருப்பதைச் சுட்டினார். கருவி பிழையைத் திருத்தி ஓதியது. இவர் பிழையற்றதெனக் கேட்டார். பிள்ளையோ அவ்வழுவையே சரியென்று கொண்டுவிட்டாள்.

"எத்தனை பிள்ளைகளின் தாள்கள் அவ்வாறு போயினவோ, ஐயா" என்றார்.

கருவி மூடப்படும்போதே அழிந்துபோகும் தற்காலிக அகராதி ஒன்றும் அதில் உண்டு. ஆயினும் அவர் அதனையும் நாடவில்லை. பதிவை அடியோடு நீக்கிவிட்டார். என் முன்னிலையில் நாளிதழ்ச் செய்தியொன்றை ஓதச் செய்தபோது கருவி 'சுவற்றில்' என்றது. முகத்தைச் சுளித்தார், ஆனால் நிறுத்தவில்லை.