கடைசி லெவல் வரை

மரியோவின் முதல் லெவலை 1985இல் மியாமோட்டோவும் தெசூகாவும் கிராஃப் தாளில் வரைந்து உருவாக்கினார்கள். தொண்ணூறுகளில் நம் ஊரில் கேசட் செருகி டிவி கேம் ஆடியவர்களுக்கு அந்த லெவல் மனப்பாடம். முப்பது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அந்த வேலையை நின்டெண்டோ ரசிகர்களிடமே விட்டது. வீ யூ கருவிக்கு வந்த ‘சூப்பர் மரியோ மேக்கர்’ கேமில் செங்கல், குழாய், ஆமை, காளான் எல்லாவற்றையும் தொடுதிரையில் இழுத்து வைத்து, சொந்தமாக லெவல் கட்டி, உலகத்துக்கே அனுப்ப முடிந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. கட்டியவர் தன் லெவலைத் தானே ஒருமுறை ஆடி முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. விடை தெரியாமல் விடுகதை போடக்கூடாது என்பதுபோல. எவ்வளவு கொடூரமான லெவலாக இருந்தாலும் ஒரு மனிதர் அதைத் தாண்டியிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

வந்து குவிந்தவற்றில் குப்பையும் ஏராளம். ஆனால் சில லெவல்கள் வாயைப் பிளக்க வைத்தன. பட்டனையே தொடாமல் சும்மா இருந்தால், ஸ்பிரிங்கும் பெல்ட்டும் மரியோவைத் தூக்கிப் பந்தாடிக் கடைசிக் கொடிவரை கொண்டுசேர்க்கும் லெவல்கள் உண்டு. ஓட ஓட, இசைக்கட்டைகள் ஒலித்து முழுப் பாட்டும் கேட்கும் லெவல்கள் உண்டு. மரியோவை வைத்து இப்படியெல்லாம் செய்யலாமா என்று தோன்றும். பிடித்திருந்தால் ஸ்டார் கொடுக்க முடிந்தது. அந்த ஸ்டார் வெறும் அலங்காரமல்ல: தொடக்கத்தில் ஒருவர் 10 லெவல்தான் ஏற்ற முடிந்தது, ஸ்டார் சேரச் சேரத்தான் கூடுதல் இடம் கிடைத்தது.

கடினமான லெவல் என்றாலே ஆளை வதைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வகைக்கு ‘கைசோ’ என்று பெயர் வாங்கித் தந்தது, 2007 வாக்கில் ஜப்பானியர் ஒருவர் தன் நண்பனை ஆடவைத்துப் பார்க்க மாற்றியமைத்த பழைய மரியோ கேம்தான். நண்பன் எங்கே குதிப்பான், எங்கே ஏமாறுவான் என்று தெரிந்து வைக்கிற பொறி அது. ஆடுபவனை மனதில் வைத்துக் கட்டாத கஷ்டத்தை நான் மதிப்பதில்லை. அது வெறும் முள்குவியல்.

2021 மார்ச்சில் வீ யூவில் புதிய லெவல் ஏற்றுவது நின்றது. 2024 ஏப்ரல் 8இல் சர்வரே மூடப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. கட்டியவரைத் தவிர வேறு யாருமே முடிக்காத லெவல்கள் அப்போதும் மிச்சமிருந்தன. ‘டீம் 0%’ என்ற ரசிகர் குழு, அப்படி ஒன்றுகூட விடுபடக்கூடாது என்று ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்தது. நல்லது, கெட்டது என்று அவர்கள் பொறுக்கவில்லை. யாரோ உட்கார்ந்து கட்டியது, யாராவது ஒருவர் முடிக்க வேண்டும்; அவ்வளவுதான் கணக்கு.

2024 மார்ச் மாதம் எஞ்சி நின்றது ‘டிரிம்மிங் த ஹெர்ப்ஸ்’. இருபது நொடிகூட ஓடாத லெவல். ஆனால் ஒவ்வொரு அசைவும் இம்மி பிசகக்கூடாது. பலர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அதைக் கட்டியவரே உண்மையை ஒப்புக்கொண்டார்: நான் கையால் ஆடி முடிக்கவில்லை, பட்டன்களைத் தானாக அழுத்தும் உத்தியால்தான் நிபந்தனையைக் கடந்தேன் என்று. அப்படியானால் அது கணக்கிலேயே வராது. மார்ச் 15 அன்று ஒருவர் முடித்திருந்த ‘த லாஸ்ட் டான்ஸ்’தான் நியாயமான கடைசி லெவல் என்று குழு அறிவித்தது. பந்தயம் முடிந்துவிட்டது.

சிலர் அப்போதும் விடவில்லை. சர்வர் மூட மூன்று நாள் இருக்கையில், ஏப்ரல் 5 அன்று, ஓர் ஆட்டக்காரர் அந்த ‘ஹெர்ப்ஸ்’ லெவலையும் சொந்தக் கையாலேயே முடித்தார். கட்டியவராலேயே முடியாததை இன்னொருவர் முடித்துக் காட்டினார். ஒரு ரசிகரின் படைப்புக்கு இன்னொரு ரசிகர் தந்த இதைவிடப் பெரிய பாராட்டை நான் பார்த்ததில்லை.

வீ யூ சர்வர் மூடப்பட்டாலும், 2019 ஜூனிலேயே ஸ்விட்ச் கருவிக்கு ‘மரியோ மேக்கர் 2’ வந்திருந்தது. வைத்திருப்பவர்கள், பெயர் தெரியாத யாரோ கட்டிய ஒரு லெவலைத் திறந்து கொடிவரை ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் மறக்காமல் லைக் போடுங்கள்.