தள்ளுபடியில் தள்ளப்படுவது யார்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் கடைவீதிகள் புதுக்கோலம் பூணுகின்றன. 'ஆடித் தள்ளுபடி' என்னும் பதாகைகள் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. இவ்வழக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. ஆடியில் இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் திருமணம் நடத்துவதில்லை. உழவர் கைப்பணமும் விதைப்புக்குப் போய்விடுகிறது. வியாபாரம் மந்தமான அம்மாதத்தில் தேங்கிய சரக்கை விற்று, தீபாவளிச் சரக்குக்கு இடமும் முதலும் தேடிக்கொள்வதே வணிகரின் நோக்கம். அதில் குறைகூற ஏதுமில்லை.

ஆனால் இன்றோ பொங்கல், புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என எல்லா விழாக்களுக்கும் தள்ளுபடி வந்துவிட்டது. பெரிய மாளிகைக் கடைகளும், கைப்பேசி வழியே விற்கும் பெருநிறுவனங்களும் ஓடும் இந்த ஓட்டத்தில், நம் தெருமுனைச் சிறுகடைக்காரரும் ஓடத்தான் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த சேலையை ஒருவர் 1,000 ரூபாய்க்கு விற்கிறார். மிஞ்சும் 200 ரூபாயில்தான் கடை வாடகை, மின்கட்டணம், பணியாளர் ஊதியம், வீட்டுச் செலவு அனைத்தும் அடங்கும். பத்து விழுக்காடு தள்ளினால் மிஞ்சுவது 100 ரூபாய். முன்பு ஒரு சேலையில் கிடைத்ததைப் பெற இப்போது இரண்டு விற்க வேண்டும். இருபது விழுக்காடு தள்ளினாலோ ஒன்றும் மிஞ்சாது. ஆலைகளிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பெரிய கடைக்கு இது தாங்கும். 1935-இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தீபாவளிக்குத் தள்ளுபடி அளிக்கிறதென்றால், அதற்கு அரசின் உதவி உண்டு. சிறுகடைக்கு யார் துணை?

துணையற்ற நிலையில் மனம் குறுக்குவழியை நாடுகிறது. சேலையின் விலைச்சீட்டில் 1,250 என்று எழுதி, இருபது விழுக்காடு தள்ளினால் பழைய 1,000 ரூபாயே வந்துவிடும்! கணக்கு சரி; மனச்சான்று சரியா? அதற்கும் துணியாதவர் பணியாளர் ஊதியத்திலோ, நெசவாளருக்குத் தரும் விலையிலோ கைவைக்க நேர்கிறது. தள்ளுபடியின் சுமை இவ்வாறு எளியவரின் தோளில் இறங்குகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குவேக்கர் வணிகர்கள் பேரம் பேச மறுத்தனர். வாங்க எண்ணும் விலைக்கு மேல் ஒரு விலை சொல்வது பொய் என்பது அவர்கள் கொள்கை. தொடக்கத்தில் வாடிக்கையாளர் விலகினர். ஆனால் சிறுபிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றாத கடை எனக் கண்டபின் மீண்டும் வந்து சேர்ந்தனர்.

தள்ளுபடிக்குப் பழகியவரை மீட்பதோ கடினம். அமெரிக்காவில் ஜேம்ஸ் கேஷ் பென்னி 1902-இல் 'பொன் விதி' என்னும் பெயர் கொண்ட கடையைத் தொடங்கினார். 'பிறர் உங்களுக்குச் செய்யவேண்டுமென விரும்புவதை நீங்கள் பிறருக்குச் செய்யுங்கள்' என்ற நற்செய்திப் போதனையே அப்பெயரின் பொருள். அக்கடை வளர்ந்து பெருநிறுவனமாகிப் பிற்காலத்தில் தள்ளுபடிச் சீட்டுகளில் ஊறிப்போயிற்று. 2012-இல் அது தள்ளுபடிகளைத் திடீரெனக் கைவிட்டபோது, அவ்வாண்டு விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. வாங்குவோர் பொருளின் மதிப்பை மறந்து, குறைப்பின் அளவையே பார்க்கப் பழகியிருந்தனர். அப்பழக்கத்தை ஊட்டாதிருப்பதே நன்று.

அப்படியாயின் சிறுவணிகர் செய்யத்தக்கது யாது? ஆண்டு முழுவதும் ஒரே நேர்மையான விலை வைக்கலாம். சாயம் போனால் மாற்றித் தரலாம். வாடிக்கையாளர் குடும்பத்தின் தேவையறிந்து பொருள் எடுத்து வைக்கலாம். பழைய சரக்கு உண்மையிலேயே தேங்கினால், 'இது சென்ற ஆண்டுச் சரக்கு' என்று சொல்லியே குறைத்து விற்கலாம். இவற்றைப் பெரிய கடைகள் அவ்வளவு எளிதில் செய்துவிட இயலாது.

வாங்கும் நமக்கும் கடமையுண்டு. 'எவ்வளவு தள்ளுபடி?' என்று கேட்குமுன், 'இப்பொருள் நமக்குத் தேவையா? இவ்விலை நியாயமா?' என்று கேட்போம். நியாய விலை கொடுத்து நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளும், நம் தெருவில் ஒரு விளக்கு அணையாமல் காக்கும்.