டீசல் வரத்துக் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக் கிராமங்கள் பல, வாரக்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன. ஊர்க் குடிநீர்த் தொட்டியை நிரப்பவும், புயலுக்குத் தப்பிய பயிருக்குத் தண்ணீர் விடவும் அப்போது ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வாடகைக்கு வரும் ஜெனரேட்டர்களில், பழைய லாரி எஞ்சினை இரும்புச் சட்டத்தில் இறக்கி, ஆல்டர்னேட்டருடன் பூட்டிய வகையும் உண்டு. சிலர் கூட்டாக இப்படி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். உழைப்புக்கு அஞ்சாத எஞ்சின்தான். ஆனால் இதில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு.

சுமையின்றி ஓடும்போது எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டதும் திணறும். வேகம் இறங்கும், பல்பு மங்கும். சற்று நேரம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் கொஞ்ச நேரம் இழுக்கும், பிறகு பழைய கதைதான். இதை அலட்சியம் செய்யக் கூடாது. எஞ்சின் வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும். குறைந்த வோல்டேஜில் திணறும் நீர்மூழ்கி மோட்டார் சூடேறி, காயில் கருகிவிடும். பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவு சிறு விவசாயியின் ஒரு போக வருமானத்தையே அசைத்துவிடும். ஆகவே வோல்ட்மீட்டர் முள் இறங்குவதைக் கண்டதும் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் பலரும் செய்வது, இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி டவுனுக்கு அனுப்புவது. கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

எஞ்சினில் டீசல் இரண்டு விதமான அழுத்தத்தில் போகிறது. ஃபீட் பம்பு டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, பில்டர் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளுகிறது. பழைய லாரி எஞ்சின்களில் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 கிலோ இருக்கும். அதன்பின் இன்ஜெக்‌ஷன் பம்பு அதே டீசலை 200 கிலோ அளவுக்கு அழுத்தி நாசிலுக்கு அனுப்புகிறது. கண்மாயோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மடையைப் பழுது பார்த்து என்ன பயன்? இன்ஜெக்‌ஷன் பம்பு மடை. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வரத்து வாய்க்கால்.

குறைவு டீசலில்தானா என்பதைப் புகையே ஓரளவு சொல்லிவிடும். சுமை ஏற்றும்போது கரும்புகை தள்ளினால் டீசல் வரத்துக் குறைவில்லை. காற்று போதவில்லை, அல்லது நாசில் கெட்டிருக்கிறது, அல்லது எஞ்சினின் சக்திக்கு மீறிய சுமை. ஏர் கிளீனரில் தொடங்குங்கள். புகையே இல்லாமல் சக்தி மட்டும் இறங்கினால் டீசல் வரவில்லை என்று கொள்ளலாம். வேகம் ஏறியும் இறங்கியும் ஊசலாடினால் குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும்.

முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, எஞ்சின் உடனே தெளிந்தால், மூடியிலுள்ள சிறு துளை புழுதியால் அடைபட்டிருக்கிறது. ஒரு கம்பியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. இந்த ஒரு துளைக்காக எத்தனை பம்புகள் வீணாகக் கழற்றப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அதில் சரியாகாவிட்டால் கேன் சோதனை செய்யலாம். ஐந்து லிட்டர் கேன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, வடிகட்டிய டீசலை ஊற்றி, எஞ்சினுக்கு மூன்றடி உயரத்தில் உறுதியாகக் கட்டுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம். அருகில் பீடி, சிகரெட்டும் கூடாது. டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு குழாயை ஃபீட் பம்பின் வாயில் மாட்டி, காற்றெடுத்து, சுமையுடன் ஓட்டுங்கள். எஞ்சின் குறையில்லாமல் இழுத்தால் ஃபீட் பம்பு, பில்டர், இன்ஜெக்‌ஷன் பம்பு எல்லாம் நன்றாக இருக்கின்றன. குற்றம் டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்.

லாரி எஞ்சினைத் தரைக்கு மாற்றும்போது தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லாரியில் டாங்கும் குழாயும் அந்த எஞ்சினுக்கென்றே அளவு பார்த்து அமைக்கப்பட்டவை. தரையில் இறக்கியதும் ஒரு பீப்பாயை எங்கோ தாழ்வில் வைத்து, கையில் கிடைத்த மெல்லிய குழாயை நீளமாக இழுத்து விடுகிறார்கள். தாழ்வும் நீளமும் கூடக்கூட ஃபீட் பம்புக்குப் பளு கூடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் டீசலில் ஊறி உட்புறம் வீங்கும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். உறிஞ்சும் வேகத்தில் சப்பிப் போவதும் உண்டு. டீசலுக்கென்று விற்கும் குழாயை, முன்பு லாரியில் இருந்த அதே உள்விட்டத்தில் போட வேண்டும். பீப்பாயை ஃபீட் பம்பின் மட்டத்துக்கு உயர்த்தி, அடைப்பு வால்வும் வையுங்கள். உறிஞ்சும் குழாயின் நுனி அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். தண்ணீரும் கசடும் அடியில் தங்கும். துத்தநாகம் பூசிய பீப்பாய் கூடாது. துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து சோப்புப் போன்ற கசடாக மாறி பில்டரை அடைக்கும்.

நம் ஆட்கள் ஏமாறும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. ஃபீட் பம்பைத் தாண்டிய குழாயில் ஒழுக்கு இருந்தால் டீசல் வெளியே கசிந்து தெரியும். டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒழுக்கு இருந்தால், எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே 'குழாய் காய்ந்து கிடக்கிறது, ஒழுக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிபோல் தெரியும் குழாயை இணைத்துப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் பழைய செம்பு வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு முடுக்குவதால் வரும் வினை இது. சில ரூபாய் வாஷரில் சிக்கனம் வேண்டாம்.

கேன் வைத்தும் எஞ்சின் திணறினால் அடுத்தது ஃபீட் பம்பின் அடியிலுள்ள சல்லடைக் கிண்ணம். அதைக் கழற்றிக் கழுவுங்கள். பின்பு பில்டர். பில்டரைக் கழுவிப் போடும் பழக்கத்தை விட்டு, புதியதைப் போடுவதே நல்லது. மெக்கானிக்கிடம் சிறிய அழுத்த மானி இருந்தால் பில்டருக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் அழுத்தம் இருந்து, பின்னால் இல்லையென்றால் பில்டர் அடைப்பு. சுமை ஏற்றும்போது முள் எப்படி நிற்கிறது என்பதுதான் முக்கியம். சும்மா ஓட்டி அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

முன்னும் பின்னும் குறைவாகவே இருந்தால், இன்ஜெக்‌ஷன் பம்பிலிருந்து டீசல் டாங்குக்குத் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று உண்டு. மிஞ்சிய டீசலை மட்டும் வெளியே விட்டு அழுத்தத்தைக் காப்பது அது. கண்மாய்க்குக் கலிங்கு எப்படியோ அப்படி. கலிங்கு உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கண்மாயில் நிற்காது. எஞ்சினை மாற்றி அமைக்கும்போது இந்த வால்வைத் தொலைத்துவிட்டு, அதே அளவில் துளையுள்ள சாதாரண போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. திரும்பும் ரப்பர் குழாயை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் வால்வில் குற்றம். ஏறாவிட்டால் ஃபீட் பம்பின் பிஸ்டனோ வால்வோ தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனை பழைய வகை எஞ்சினுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த புதிய காமன் ரெயில் எஞ்சின்களில் கை வைக்கவே கூடாது.

எந்த இணைப்பைத் திறந்தாலும் மூடியபின் காற்றெடுக்க வேண்டும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, அது வழிந்துகொண்டிருக்கையிலேயே முடுக்குங்கள். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதேபோல்.

ஃபீட் பம்பு உள்ள டிராக்டர்களுக்கும் இதே வரிசை பெரும்பாலும் பொருந்தும். கிணற்றடியில் வைக்கும் சிறு ஆயில் எஞ்சினில் டாங்க் மேலே இருப்பதால் ஃபீட் பம்பு இருக்காது. மூடித் துளை, குழாய், பில்டர் மூன்றையும் பார்த்தால் போதும்.

சக்தி இல்லை என்றதும் இன்ஜெக்‌ஷன் பம்பின் சீல் வைத்த திருகைத் திருப்பி டீசலைக் கூட்டும் வழக்கம் இருக்கிறது. வரத்தே இல்லாத இடத்தில் மடையை அகலப்படுத்துவது அது. பின்னால் வரத்துச் சரியானதும் எஞ்சின் கரும்புகை கக்கி, டீசலைக் குடித்து, பிஸ்டனையும் சூடேற்றிவிடும். மண்ணெண்ணெய் கலப்பதும் ஆகாது. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலின் வழவழப்பே எண்ணெய்.

இத்தனையும் சரியாக இருந்தும் எஞ்சின் இழுக்கவில்லையென்றால் பம்பைக் கழற்றுங்கள். நாசில்களையும் சேர்த்தே கொண்டுபோய், சோதனை மேசையில் ஓட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நாசில் பீச்சும்போது மட்டும் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. அப்படி நேர்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பீச்சியது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.